திறந்த சந்தையும் தீர்மானிக்கும் உரிமையும்

உலக வங்கியின் கணக்குப்படி, நாளொன்றுக்கு 1.90 டாலருக்கும் குறைவான தொகையில் வாழ்க்கை நடத்தியவர்கள் 1990இல் உலக மக்கள்தொகையில் 36 விழுக்காடு. 2015இல் அது 10 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை கோடிப்பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டதை வரலாறு அதற்குமுன் கண்டதில்லை. அந்தக் கால் நூற்றாண்டு உலகமயமாக்கல் வேகம்பிடித்த காலம் என்பதால், தடையற்ற வணிகமே ஏழை நாடுகளுக்கு விடிவு என்று ஒரு சாரார் முடிவுகட்டினார்கள். ஆனால் அதே கணக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அதே ஆண்டுகளில் கொடிய வறுமையில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 28 கோடியிலிருந்து 41 கோடியாகப் பெருகினார்கள். அந்த நாடுகள் சந்தையை மூடிவைத்திருந்தவை அல்ல. 1980களிலும் 1990களிலும் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் வகுத்த சீர்திருத்தத் திட்டங்களுக்கு மிக அதிகமாக உட்பட்டவை அவைதாம். வறுமை வேகமாகக் குறைந்த சீனாவிலும் வியட்நாமிலுமோ அரசு தன் பிடியை அவ்வளவு எளிதில் தளர்த்தவில்லை. ஆகவே சந்தையைத் திறப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கிடைக்காது. எதை, எந்த வரிசையில், எந்த வேகத்தில் திறப்பது என்று முடிவுசெய்தது யார், திறக்கும் வேளையில் உள்நாட்டில் உற்பத்தித்திறன் வளர்ந்திருந்ததா என்ற இரண்டு கேள்விகளே பலனை நிர்ணயித்திருக்கின்றன. இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

கடனோடு வந்த மருந்துச்சீட்டு

ஏழை நாடுகள் பலவற்றுக்குத் தடையற்ற சந்தை விரும்பி ஏற்ற கொள்கையாக வரவில்லை; கடன் நிபந்தனையாக வந்தது. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபோது மேலைநாட்டு வங்கிகளில் குவிந்த பணம் லத்தீன் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தாராளமாகக் கடனாகப் போனது. 1979க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர், தம் நாட்டுப் பணவீக்கத்தை அடக்குவதற்காக வட்டி விகிதத்தை 20 விழுக்காட்டை நெருங்கும்வரை உயர்த்தினார். மாறும் வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. அதே நேரத்தில் செம்பு, கோகோ, காப்பி போன்றவற்றின் விலை சரிந்தது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபின் ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் பன்னாட்டு நிதியத்தின் வாசலில் நின்றன. கிடைத்த கடனோடு ஒரு பட்டியலும் சேர்ந்தே வந்தது. மானியத்தைக் குறை, இறக்குமதித் தீர்வையை வெட்டு, பொதுத்துறையை விற்பனைசெய், நாணய மதிப்பைக் குறை என்பன அதன் சாரம். 1989இல் பொருளியலாளர் ஜான் வில்லியம்சன் இவற்றைப் பத்து அம்சங்களாகத் தொகுத்து ‘வாஷிங்டன் ஒருமித்த கருத்து’ என்று பெயரிட்டார். அதில் அறிவுக்கு உகந்தவையும் இருந்தன. வரவுக்கு மீறிச் செலவிடாதே, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் முன்னுரிமை கொடு என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். மூலதனம் தடையின்றி நுழைந்து வெளியேறுவதை வில்லியம்சன் தம் பட்டியலில் சேர்க்கவுமில்லை. பட்டியலில் உள்ளதைவிட, நாட்டுக்கு நாடு வேறுபாடு பார்க்காமல் அவசரமாக அதைத் திணித்த முறையே பெரும் சேதத்தை விளைவித்தது.

அந்தச் சேதத்தை ஹைத்தியின் அரிசியில் தெளிவாகக் காணலாம். 1980களின் தொடக்கம்வரை ஹைத்தி தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. ஆர்த்திபோனீத் ஆற்றுப் பள்ளத்தாக்கு அதன் நெற்களஞ்சியம். 1986இல் துவாலியே குடும்பத்தின் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. இராணுவத்தால் வெளியேற்றப்பட்ட குடியரசுத் தலைவர் அரிஸ்டீட் 1994இல் அமெரிக்கப் படைகளின் துணையோடு நாடு திரும்பினார். அதற்கு அடுத்த ஆண்டில் அரிசிமீதான தீர்வை 3 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. அமெரிக்காவிலோ நெல் விவசாயிக்கு அரசு மானியம் தொடர்ந்தது. பாசன வாய்க்காலும் சாலையும் வங்கிக் கடனும் இல்லாத சிறு விவசாயியை, இயந்திரமும் மானியமும் உள்ள அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலப் பண்ணையாளரோடு போட்டியிடச் சொன்னார்கள். இன்று ஹைத்தியின் அரிசியில் ஏறத்தாழ 80 விழுக்காடு வெளிநாட்டிலிருந்து வருகிறது. நகர ஏழைக்கு மலிவான அரிசி கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது உண்மைதான். ஆனால் 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது திரும்பிப் பார்க்க உள்நாட்டு விளைச்சல் இல்லை. தலைநகரில் உணவுக் கலவரம் வெடித்துப் பிரதமர் பதவியிழந்தார். தம் ஆட்சிக்காலத்தில் நடந்த இந்தத் தீர்வைக் குறைப்பு ஆர்கன்சா விவசாயிகளுக்கு நன்மை செய்திருக்கலாம், ஹைத்திக்குச் செய்யவில்லை என்று முன்னாள் அமெரிக்கத் தலைவர் பில் கிளின்டன் 2010இல் செனட் குழுவின் முன் வருந்தி ஒப்புக்கொண்டார்.

மொசாம்பிக்கின் முந்திரிக் கதை இன்னும் நுட்பமானது. ஒரு காலத்தில் உலக முந்திரி உற்பத்தியில் முன்னணியில் நின்ற நாடு அது. உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்ய அதிக வரி விதித்து, உள்நாட்டு ஆலைகளுக்கு மூலப்பொருள் கிடைக்கும்படி அரசு பார்த்துக்கொண்டது. இதனால் விவசாயிக்குக் குறைந்த விலையே கிடைக்கிறது என்று கூறி, அந்த வரியைக் குறைக்குமாறு உலக வங்கி 1990களின் நடுவில் கடன் நிபந்தனை விதித்தது. அரசு ஆலைகள் தனியாருக்கு விற்கப்பட்டு அதிக நாள்கூட ஆகாத நேரம் அது. வாதம் காகிதத்தில் சரியாகவே இருந்தது. நடந்தது வேறு. பதப்படுத்தப்படாத கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, கொல்லம் போன்ற இடங்களில் பெண்களின் கைகளால் உடைக்கப்பட்டது. மொசாம்பிக்கில் ஆலைகள் மூடப்பட்டு ஏறத்தாழ 10,000 பேர் வேலையிழந்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த லாபத்தைப் பொருளியலாளர்கள் மக்மில்லன், ரோட்ரிக், வெல்ச் ஆகியோர் பின்னர் கணக்கிட்டார்கள். சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5.30 டாலருக்கு மேல் சேரவில்லை. விலை உயர்வின் பெரும்பகுதி வணிகர்களிடம் தங்கிவிட்டது. சந்தை திறந்திருந்தாலும், ஒருசில வியாபாரிகளை மட்டுமே நம்பியிருக்கும் உழவரிடம் அதன் பலன் போய்ச்சேராது என்பதை அந்த நிபந்தனையை எழுதியவர்கள் கருத்தில் கொள்ளவில்லை. 1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் ஏற்றுமதி வரியை மீண்டும் உயர்த்தியது. அதன்பிறகு சிறிய ஆலைகள் மெல்லத் தலையெடுத்தன.

ஒரே நாட்டுக்குள்ளும் திறப்பின் நன்மையும் தீமையும் வேறு வேறு மக்கள்மீது விழும் என்பதற்கு இலங்கை சான்று. தெற்காசியாவில் முதன்முதலில் பொருளாதாரத்தைத் திறந்த நாடு அது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்கியது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அங்கு வளர்ந்த ஆடைத் தொழில் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவருக்கு ஊதியம் தந்தது, நாட்டின் முதன்மை ஏற்றுமதியாகவும் வளர்ந்தது. வடக்கிலோ நிலைமை தலைகீழ். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக்குத் தடை இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுச் செழித்த யாழ்ப்பாண விவசாயிகள், வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததும் விலை வீழ்ந்து நொடித்தார்கள். அவர்களுக்கு மாற்றுப் பயிரோ மாற்றுத் தொழிலோ காட்ட அரசு முன்வரவில்லை. ஏற்கெனவே புறக்கணிப்பை உணர்ந்திருந்த ஒரு சமூகத்தின்மீது அந்த இழப்பும் ஏறியது. ஒரு சீர்திருத்தம் மொத்தத்தில் லாபமா என்று மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள், அதன் சுமை எந்தப் பகுதியின்மீது, எந்த மக்கள்மீது விழுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அந்த அலட்சியத்தின் அரசியல் விலை சில நேரங்களில் பொருளாதார லாபத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது.

வென்றவர்கள் சென்ற வழி

இனி வெற்றிபெற்ற நாடுகளைப் பார்ப்போம். 1960களின் தொடக்கத்தில் தென்கொரியா, தனிநபர் வருவாயில் ஆப்பிரிக்காவின் கானாவோடு ஒப்பிடப்பட்ட நாடு. 1964இல் அதன் ஏற்றுமதி 10 கோடி டாலரை எட்டியது. 1977இல் அது 1,000 கோடி டாலர். உலகச் சந்தையை நாடியதால்தான் இந்த வளர்ச்சி என்று தடையற்ற வணிகத்தின் ஆதரவாளர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி, அந்த நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது, வங்கிகளை அரசின் கையில் வைத்திருந்தது, எந்தத் தொழிலுக்குக் கடன் என்பதை அரசே முடிவுசெய்தது என்பதாகும். எஃகு ஆலை கட்டக் கொரியா முனைந்தபோது அது கொரியாவுக்கு ஏற்ற தொழில் அல்ல என்று உலக வங்கி கைவிரித்தது. ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு போஹாங்கில் எழுந்த ஆலை 1973இல் உற்பத்தியைத் தொடங்கி, உலகின் திறன்மிக்க எஃகு நிறுவனங்களில் ஒன்றாயிற்று. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, 1950களிலேயே குத்தகைதாரர்களுக்கு நிலம் பங்கிடப்பட்டிருந்தது, கிராமந்தோறும் பள்ளிக்கூடம் வந்திருந்தது. தைவானும் இதே வரிசையில்தான் நகர்ந்தது. உலகச் சந்தைக்குள் இறங்கியபோது அவர்களிடம் வயிறு நிறைந்த கிராமமும் எழுதப்படிக்கத் தெரிந்த தொழிலாளியும் இருந்தார்கள்.

சீனாவும் வியட்நாமும் கதவை ஒரே தள்ளில் திறக்கவில்லை. 1978இல் தொடங்கிய சீனச் சீர்திருத்தம் முதலில் நிலத்துக்குப் போனது. கூட்டுப்பண்ணை கலைந்து, குடும்பம் பயிரிட்டு மிச்சத்தை விற்கலாம் என்றானது. 1980இல் ஷென்ஜென் உள்ளிட்ட நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் மட்டும் அந்நிய முதலீட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். அரசு விலை ஒன்று, சந்தை விலை ஒன்று என இரட்டை விலை முறை பல ஆண்டுகள் நீடித்தது. உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தது 2001 டிசம்பரில், அதாவது 23 ஆண்டுகள் கழித்து. வியட்நாம் 1986இல் ‘தோய் மோய்’ சீர்திருத்தத்தை அறிவித்து, 1988இல் நிலத்தின் பயன்பாட்டு உரிமையைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அரிசி இறக்குமதி செய்துவந்த நாடு 1989இலேயே பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. ஆனாலும் அரிசி வணிகத்தில் அரசு நிறுவனங்களின் ஆதிக்கமும் ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடும் 1990கள் முழுவதும் தொடர்ந்தன. உலக வர்த்தக அமைப்பில் அது இணைந்தது 2007இல்தான். 1993இல் 58 விழுக்காடாக இருந்த வறுமை 2004இல் 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. ஹைத்தியும் வியட்நாமும் இரண்டுமே நெல் நாடுகள், இரண்டுமே வறுமையில் வாடியவை. அரசியல் உறுதிப்பாட்டில் அவற்றுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டென்பது உண்மையே. எனினும் ஒன்று முதலில் உழவரை நிமிர்த்திவிட்டுச் சந்தைக்கு அனுப்பியது, மற்றொன்று நலிந்திருந்த உழவரைச் சந்தையின் நடுவே நிறுத்தியது என்ற வேறுபாட்டையும் மறைக்க முடியாது.

கொரியாவைப் போல் வலுவான அரசு இல்லாத நாடுகளும் இந்த வழியில் முன்னேறியிருக்கின்றன. வங்கதேசத்தின் ஆடைத் தொழில் 1970களின் இறுதியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்திலிருந்து கிளைத்தது. பயிற்சிக்காக 130 பேர் கொரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தனித்துப் பிரிந்து தாமே தொழில் தொடங்கினார்கள் அல்லது பிற ஆலைகளுக்குப் போனார்கள். ஏற்றுமதிக்கான துணியைத் தீர்வையின்றி இறக்குமதி செய்யவும், வெளிநாட்டு ஆர்டரை ஈடாகக் காட்டிக் கடன் பெறவும் அரசு வழிசெய்தது. பொருளாதாரம் முழுவதையும் திறக்காமல் ஒரு தொழிலுக்குத் தேவையான இடத்தில் மட்டும் திறந்தார்கள். இன்று அந்நாட்டு ஏற்றுமதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆடைகளே. மொரீஷியசும் 1970இல் ஏற்றுமதி மண்டலத்தைத் தொடங்கியபோது, உள்நாட்டுத் தொழில்களுக்கான பாதுகாப்பை நீக்கவில்லை. கரும்பை மட்டுமே நம்பியிருந்த அந்தத் தீவுக்கு எதிர்காலம் இருண்டது என்று 1960களின் தொடக்கத்தில் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் கணித்திருந்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அவருடைய அந்தக் கணிப்பு பொய்த்துப்போனது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராக எழும் முதல் மறுப்பு இந்திய அனுபவத்திலிருந்து வருகிறது. அரசுப் பாதுகாப்பு வளர்ச்சியைத் தருமென்றால், லைசென்ஸ்-பெர்மிட் காலத்தில் நாற்பது ஆண்டுகள் பாதுகாக்கப்பட்ட இந்தியத் தொழில்கள் ஏன் உலகத்தரம் அடையவில்லை? நேர்மையான கேள்வி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களில் வெளியிட்ட அம்பாசிடர் கார் 2014இல் நிறுத்தப்படும்வரை பெரிதாக மாறவேயில்லை. 1967இல் தொடங்கிய கொரியாவின் ஹூண்டாய் நிறுவனமோ வெளிநாட்டுக் காரின் பாகங்களை இணைத்துத் தருவதில் ஆரம்பித்து, 1975இல் தன் சொந்த மாதிரியை வெளியிட்டு, 1986இல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்து, 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டு நிறுவனங்களுமே தத்தம் அரசின் பாதுகாப்பில் வளர்ந்தவை. கொரிய அரசு பாதுகாப்புக்கு விலை கேட்டது. ஏற்றுமதி இலக்கை எட்டாதவருக்குக் கடன் நின்றது. இந்திய அரசு எதையும் கேட்காமல் பாதுகாப்பை நீட்டித்துக்கொண்டே போனது. லைசென்ஸ் வாங்குவதே தொழில் திறமையாகிவிட்டது. ஆகவே 1991இல் இந்தியா செய்த மாற்றம் தேவையானதே. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாமல் தங்கத்தை அடகுவைத்த நிலையில் வேறு வழியும் குறைவு. ஆனால் அப்போதும் இந்தியா மூலதனச் சந்தையை முழுதாகத் திறக்கவில்லை, வேளாண் தீர்வைகளையும் கைவிடவில்லை. காலக்கெடு இல்லாத, சோதனை இல்லாத பாதுகாப்பு கெடுக்கும் என்பதே இந்தியா தரும் பாடம். பாதுகாப்பே கூடாது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கொரியாவில் இருந்ததுபோன்ற நிர்வாகம் எல்லா நாட்டிலும் இல்லை. ஊழல் மலிந்த அரசின் கையில் தொழிற்கொள்கையைக் கொடுத்தால் ஆளுங்கட்சியின் உறவினர்கள்தாம் கொழுப்பார்கள் என்கிறார்கள். கானாவில் கோகோ வாரியம் விவசாயிக்கு மிகக் குறைந்த விலை கொடுத்து, கோகோ உற்பத்தியையே சீரழித்ததை யாரும் மறக்கலாகாது. ஆனால் அரசு கெட்டது என்றால் சந்தை தானாகச் சரியாகிவிடும் என்பதும் சோதித்துத் தோற்ற கருத்துதான். 1992இல் ரஷ்யா ஒரே வீச்சில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிப் பொதுச் சொத்துகளைத் தனியாருக்குக் கைமாற்றியது. ஒப்பந்தத்தைக் காக்கும் நீதிமன்றமும் வரி வசூலிக்கும் நிர்வாகமும் தள்ளாடிய அந்நாட்டில், சொத்து ஒரு சிலரிடம் குவிந்தது. 1990களில் பொருளாதாரம் ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கியது. ஆண்களின் சராசரி ஆயுள் 60 ஆண்டுகளுக்குக் கீழே போனது. சந்தைக்கும் திறமையான அரசு வேண்டும். வங்கதேசத்தின் நிர்வாகம் தூய்மையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட தொழிலுக்குத் தேவையான சில காரியங்களைச் சரியாகச் செய்ய அதனால் முடிந்தது. அரசின் திறன் இப்படிச் செய்து செய்துதான் வளர்கிறது. கடன் கொடுப்பவர்கள் முடிவெடுக்கும் பொறுப்பையே பறித்துவிட்டால் அந்தத் திறன் வளர வாய்ப்பேது?

நோயாளிகள்தாம் மருத்துவமனைக்கு வருவார்கள், அவர்கள் இறப்பதற்கு மருத்துவரைக் குறைசொல்லலாமா என்பது மூன்றாவது மறுப்பு. ஏற்கெனவே நலிந்த நாடுகளே பன்னாட்டு நிதியத்திடம் போயின என்பதால் அவற்றின் துயரத்துக்கு நிபந்தனைகளைக் காரணம் காட்டக்கூடாது என்கிறார்கள். மொத்தக் கணக்கைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை சரியே. ஆனால் முந்திரி வரியும் அரிசித் தீர்வையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பார்க்கக்கூடியவை. அவற்றின் விளைவை நாட்டின் பொதுவான நலிவோடு குழப்ப வேண்டியதில்லை. நலிவே இல்லாத நாடுகளையும் மூலதனச் சந்தையின் அவசரத் திறப்பு வீழ்த்தியிருக்கிறது. 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் சரிந்தபோது, பாராட்டப்பட்டுவந்த கிழக்காசியப் பொருளாதாரங்கள் சில மாதங்களில் நிலைகுலைந்தன. உள்ளே வந்த குறுகியகாலப் பணம் வந்த வேகத்தில் வெளியேறியது. 1998இல் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு விதித்தபோது பலரும் கண்டித்தார்கள், நாடு மீண்டது. தடையற்ற சந்தைக்கு உதாரணமாகக் காட்டப்படும் சிலிகூட 1990களில் குறுகியகால மூலதனத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. செம்புச் சுரங்க நிறுவனமான கொடெல்கோவைத் தனியாருக்கு விற்கவும் இல்லை. மூலதனக் கட்டுப்பாடு சில சூழல்களில் ஏற்கத்தக்கதே என்று 2012இல் பன்னாட்டு நிதியமே அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. ஏற்றுமதித் தொழில் என்பதே ஏழைத் தொழிலாளியைப் பிழிவதுதான், அதை வளர்ச்சி என்று அழைக்கலாமா என்று கேட்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அந்த மரணங்களுக்கு எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் ஈடாகாது. ஆனால் ஆலைகளை மூடுவது விடையல்ல என்பதை அந்தத் தொழிலாளர்களே சொன்னார்கள். அவர்கள் கேட்டது பாதுகாப்பான கட்டடமும் நியாயமான ஊதியமும் சங்கம் அமைக்கும் உரிமையும். விபத்துக்குப் பின் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் ஆய்வும் சீரமைப்பும் நடந்தன. மலிவான உழைப்பு மட்டுமே தன் பலம் என்று ஒரு நாடு நினைத்துவிட்டால் உழைப்பவரை மலிவாகவே வைத்திருக்கத் தூண்டப்படும். ஆகவே தொழிலாளர் உரிமை வளர்ச்சிக்குப் பின் வரவேண்டிய அலங்காரம் அல்ல, வளர்ச்சிக் கொள்கையின் உறுப்பு.

இன்றைய நிலை இந்த விவாதத்தை மேலும் அவசரமாக்குகிறது. ஏழை நாடுகளுக்கு ஒரு விதி, பணக்கார நாடுகளுக்கு ஒரு விதி என்ற அநீதி புதிதல்ல. சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற இந்தியப் பகுதிகளிலிருந்தும் போன பருத்தித் துணிகளைத் தடுக்க 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றிய பிரிட்டன், தன் ஆலைகள் வலுவடைந்தபின் தடையற்ற வணிகத்தைப் போதித்தது. நம் காலத்திலும் பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நாடுகள் அமெரிக்கப் பருத்தி மானியத்தால் தங்கள் விவசாயிகள் அழிவதாக 2003இல் உலக வர்த்தக அமைப்பின் கான்கூன் மாநாட்டில் முறையிட்டன. போதிய தீர்வு கிடைக்கவில்லை. சூரிய மின்தகடுகளை உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்று இந்தியா விதித்த நிபந்தனையை எதிர்த்து அமெரிக்கா தொடுத்த வழக்கில், 2016இல் இந்தியா தோற்றது. 2022இல் அமெரிக்கா தன் சொந்தச் சட்டத்தில் உள்நாட்டுப் பொருள்களைப் பயன்படுத்துவோருக்குக் கூடுதல் வரிச்சலுகை அளித்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா மறுத்ததால் 2019 டிசம்பர் முதல் செயலிழந்து கிடக்கிறது. 2025 ஏப்ரலில், ஆடை ஏற்றுமதியை நம்பி வாழும் சின்னஞ்சிறு லெசோத்தோவுக்கு 50 விழுக்காடு தீர்வை என்று அறிவிக்கப்பட்டது. திறந்த சந்தையை நம்பிவந்த ஏழை நாட்டுக்கு அது எப்போதும் திறந்திருக்கும் என்ற உறுதி இல்லை.

இதனால் ஏழை நாடுகள் தமக்குள் சுருங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருளில்லை. சிறிய நாட்டின் உள்நாட்டுச் சந்தை எந்தப் பெரிய தொழிலையும் தாங்காது. தொழில்நுட்பமும் இயந்திரமும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். உலக வணிகத்தைத் துறந்து முன்னேறிய ஏழை நாடு ஒன்றையும் காட்ட முடியாது. நிபந்தனைப்படி சந்தையை ஒரேயடியாகத் திறந்து முன்னேறிய ஏழை நாட்டைக் காட்டுவதும் அதே அளவுக்குக் கடினம். முன்னேறியவை நிலத்தையும் பள்ளியையும் முதலில் கவனித்தன. தொழிலுக்குப் பாதுகாப்புக் கொடுத்தபோது காலக்கெடுவும் ஏற்றுமதிச் சோதனையும் வைத்தன. பொருள்களின் வணிகத்தைத் திறந்த வேகத்தில் பணச் சந்தையைத் திறக்கவில்லை. ஒரு முயற்சி தவறினால் பின்வாங்கும் உரிமையைக் கையில் வைத்திருந்தன. கடன் தரும் நிறுவனங்கள் இந்த உரிமையை மதிக்க வேண்டும்; வரவு செலவில் ஒழுக்கம் கேட்பது அவர்கள் உரிமை, எந்தப் பயிருக்கு எவ்வளவு தீர்வை என்று எழுதிக்கொடுப்பது அல்ல. உள்நாட்டு அரசுகளுக்கும் இதில் தப்பிக்க இடமில்லை. தீர்மானிக்கும் உரிமை தம்முடையது என்று வாதிடும் அரசு, அந்தத் தீர்மானத்தால் நிலமிழந்தவருக்கும் வேலையிழந்தவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அந்த உரிமையும் அந்தக் கடமையும் ஒரே கையில் சேரும் நாட்டில் உலகச் சந்தை வளர்ச்சிக்குக் கருவியாகும். அவை பிரிந்துகிடக்கும் நாட்டில் அதே சந்தை, முடிவெடுத்தவர்களுக்கு லாபமாகவும் முடிவில் பங்கில்லாதவர்களுக்கு இழப்பாகவும் போய் முடியும்.